காப்புத் தகடு

செமிலிங்,
வியாழக்கிழமை.

தம்பி லோகனுக்கு அண்ணி குணசுந்தரி எழுதிக்கொள்வது. நானும் மகள் அன்பரசியும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை அடைத்துப்போட்டு ஜொகூரில் உட்கார்ந்திருக்கிறாய். சுகுமாரன் லோரி அந்தப் பக்கம் போகிறதாம், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சாமி மரத்தில் கை வைத்ததால்தான் உன் அண்ணனை முனியாண்டி எடுத்துக்கொண்டார் என்று எஸ்டேட்டில் பேசுகிறார்கள். பேசட்டும். கோயிலை ரோட்டோரம் மாற்றி, உத்தரவு கேட்டுத்தானே மரத்தைச் சாய்த்தோம்? அந்தக் காலத்தில் அடியில் நட்ட சூலத்தை மரமே விழுங்கியிருந்தது யாருக்குத் தெரியும்? பலகை அறுக்கையில் ரம்பத்தின் சங்கிலி அதில் பட்டு அறுந்து அவர்மேல் பாய்ந்த பிறகுதான் பூசாரி பழனியாண்டிக்கே நினைவு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன், பாவம்.

மரப்பட்டறையில் வைக்கிற பேண்ட் ரம்பம் வாங்கியிருந்தால் அண்ணன் இருந்திருப்பார் என்று சுடுகாட்டில் தலையில் அடித்துக்கொண்டாயே. அவ்வளவு பெரிய மரம் அதற்குள் நுழையாது, லோரியிலும் ஏறாது, மிஷின்தான் மரத்திடம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவர்தான். நீ செய்து கொடுத்த மிஷின் பலகை பலகையாக அறுத்துத் தள்ளியது. தம்பி செய்தது என்று செமிலிங் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. செத்தவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சங்கிலி அறுந்தால் ஆள்மேல் பாயாமலிருக்க நீ வைத்த தகடு, நீ சரியாகப் பற்றவைக்காததால் பிய்ந்துவிட்டது என்றுதானே உருகுகிறாய்? அது பிய்யவில்லை. நீ பெட்ரோல் வாங்கத் திகாம் பத்து டவுனுக்குப் போயிருந்தபோது அவரே கழற்றினார். “மரத்துல இடிக்குது லா. ரெண்டு பலகை எடுத்துட்டு மாட்டிக்கலாம்” என்றார். தம்பி வரட்டும் என்றேன். கேட்டால்தானே. போல்ட்டெல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்தன. ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அன்பரசி தானே செய்கிறேன் என்கிறாள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் கொள்ளி வைத்தது நீ. நீ வராவிட்டால் உன்மேல்தான் தப்பென்று ஊர் முடிவுகட்டும். அதுகூடப் பெரிதில்லை, நீயும் அப்படியே முடிவுகட்டிவிடுவாய். அதுதான் எனக்குப் பயம். கயிறு, மருந்து என்று எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால், இந்த அண்ணியை நினைத்துக்கொள். இன்னொரு சவப்பெட்டியைத் தூக்க இந்த வீட்டில் ஆளில்லை.

பஸ் ஏறு சாமி. முனியாண்டி உன்னை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
குணசுந்தரி