பன்னிரண்டு வரை எண்ணுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். தோள்பட்டை வலி குறைந்ததா? அந்தப் பக்கமாகவே படுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று எழுதித்தான் தொடங்கினேன். படித்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடிதம் பணிமனை முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். வீட்டுக்கு அனுப்பினால் அத்தை பிரித்து எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிடுவார். போனிலும் பேச முடியவில்லை. அம்மா எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசுவதுபோல இருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, மூன்று பேருக்கு மேல் இருந்தால் எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தானே கேலியாக எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தீர்கள்.

“நீ அங்க என்னதாம்மா வேல பாக்கற?” என்று போன தடவை ஊருக்கு வந்தபோது கேட்டீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்றைக்கு ஒழுங்காகச் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

எங்கள் கம்பெனி வீடியோ கேம் செய்கிறது. அதற்கு ஒரு செல்லப்பிள்ளை உண்டு. ஒரு கீரி. பெயர் துடுக்கன். இடது காதில் ஒரு கிழிசல், வால் பாதிதான், கழுத்தில் மஞ்சள் துண்டு. கேமில் ஓடுவான், குதிப்பான், சுவர் ஏறுவான். பஸ்களில் டிப்போ பெயர் எழுதியிருக்கிற மாதிரி எங்கள் ஆபீஸில் கதவு, காபிக் கோப்பை, அடையாள அட்டை எல்லாவற்றிலும் அவன் முகம்தான். என் கழுத்திலும் தொங்குகிறான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, டிவியில் இணைத்து விளையாடுகிற ஒரு கறுப்புப் பெட்டியை இந்தக் கம்பெனி விற்றது. போட்டிக் கம்பெனி ஒரு வெள்ளைப் பெட்டி விற்றது. அவர்களுக்கு ஒரு கரடி. உருண்டைக் கரடி, எப்போதும் சிரித்த முகம், யாரைக் கண்டாலும் கையசைக்கும். அதைக் கிண்டல் செய்வதற்காகவே துடுக்கனைப் பெற்றார்கள். விளம்பரத்தில் கரடி கையசைத்தால் இவன் கொட்டாவி விடுவான். எங்கள் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பெட்டி வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளைப் பெட்டி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். எந்தப் பெட்டியும் இல்லாத வீட்டுப் பிள்ளையான நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

எதிர்த் தெரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் கறுப்புப் பெட்டி இருந்தது. சாயங்காலம் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட நான் விளையாடியதில்லை என்பது தெரியாது. எனக்குக் கொடு என்று கேட்க வாய் வராது. கேட்காதவளுக்கு யார் கொடுப்பார்கள்? உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அப்போது நானும் துடுக்கனும் மட்டும் இருப்போம்.

பன்னிரண்டு வினாடி யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் அவன் முதலில் நம்மைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு டிவியின் ஓரம்வரை நடந்து போவான். அங்கே நின்று கண்ணாடியை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பான், இருட்டு அறையில் கதவைத் தேடுகிறவர்களைப் போல. விளையாடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள்தான் அவனைச் சும்மா விடுவதே இல்லையே. ஒருவேளை அவன் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, நம் வீட்டில் தையல் மிஷினுக்கு அடியில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

உங்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு வண்டி பழுது என்று வந்தால் நீங்கள் அதை ஓட்டிப் பார்க்க மாட்டீர்கள். வண்டி நகராமல் என்ஜினை மட்டும் ஐட்லிங்கில் விட்டு, மேலே கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். டிரைவர் அவசரப்படுத்தினால் “ஓடும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்யா. நிக்கும்போதுதான் அது வாயத் தொறக்கும். செத்த இரு” என்பீர்கள். நான் மதியச் சாப்பாடு கொண்டுவரும் நாட்களில் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கான நேர்முகத்தில் துடுக்கனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசினேன். வாழ்க்கையில் நான் மூச்சுவிடாமல் பேசிய ஒரே பத்து நிமிடம். உடனே வேலை கொடுத்து அவனுடைய ‘குணக் கோப்பு’ என்பதை என் கையில் தந்தார்கள். துடுக்கன் எதைச் செய்வான், எதைச் செத்தாலும் செய்ய மாட்டான் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் கோப்பு. படம் வரைகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்க வேண்டும். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் ஒரு கீரியின் குணத்துக்குக் காவல். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் நான் வந்து சேர்ந்தபோது கறுப்புப் பெட்டி நின்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சொந்த வீடு போனபின் துடுக்கன் அடுத்தவர் பெட்டிகளில்தான் பிழைக்கிறான். முதலில் கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி செய்கிறவர்களிடம் போனான். அவர்கள் அவன் பல்லை மழுங்க வைத்தார்கள். அடுத்த இடத்தில் காதுக் கிழிசலைத் தைத்தார்கள். இந்த வருடம் எங்கும் இல்லாத அதிசயமாக வெள்ளைப் பெட்டிக்காரர்களே அழைத்தார்கள், கரடியோடு சேர்ந்து ஒரே கேமில் இருக்க. ஆபீஸில் எல்லோருக்கும் கொண்டாட்டம். கூடவே முப்பத்தொரு திருத்தங்கள் கொண்ட ஒரு பட்டியலும் வந்தது. கொட்டாவி கூடாது. கரடியைவிட வேகமாக ஓடக் கூடாது. பார்த்ததும் கையசைக்க வேண்டும். இப்படி.

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. தமாஷ் பேர்வழி. பட்டியலை மேசையில் வைத்துவிட்டு, “நம்ம பையன் புகுந்த வீட்டுக்குப் போறான். பிறந்த வீட்டுப் பழக்கத்தையெல்லாம் மூட்ட கட்டி வச்சுட்டுத்தான் போகணும், என்ன?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல உதட்டை வைத்துக்கொண்டேன்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேலாளர் ஒவ்வொரு திருத்தமாகப் படிப்பார். “எதிர்ப்பு யாருக்காவது?” என்பார். ஒரு மூச்சு விடுவார். பக்கத்தில் இருக்கும் உதவியாளர் ‘எதிர்ப்பு இல்லை’ என்று தட்டிவிடுவார். அடுத்தது. அந்த ஒரு மூச்சு எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு வினாடிகூட இல்லை.

பதினேழாவது திருத்தம் அந்தப் பன்னிரண்டு வினாடி. ‘விளையாடுகிறவருக்கு முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு. யாரும் தொடாத நேரத்தில் பாத்திரம் நேராக நின்று புன்னகைக்க வேண்டும்.’ முதல் நாளே நோட்டில் ஒரு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: ‘இதை எடுத்தால் அவன் துடுக்கன் இல்லை, சார்.’ சின்ன வாக்கியம்தான். “எதிர்ப்பு யாருக்காவது?” என்றார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். என் வாய் திறந்துகூட இருந்தது. அதற்குள் பதினெட்டாவதைப் படித்துக்கொண்டிருந்தார்.

பேசாவிட்டாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் முட்டாள்தனம். இரண்டு நாள் கழித்து அச்சிட்ட தாள் வந்தது. முப்பத்தொரு திருத்தங்களுக்கும் எதிரில் ‘ஒப்புதல் அளித்தவர்: குணக் கோப்புப் பொறுப்பாளர்’ என்று இருந்தது. முப்பத்தொரு தடவை நான். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனைக்கும் சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா, போன செவ்வாய்க்கிழமை போனை நினைத்துப் பாருங்கள். அத்தைதான் பேசினார். போன தடவை நான் ஊரில் இருந்தபோது பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் என்னைப் பிடித்துப்போய்விட்டது, வருகிற ஞாயிறு வந்து வாக்கு கொடுக்கப் போகிறார்கள், இனி வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லையாம், மகாராணி மாதிரி இருக்கலாமாம். “இந்தக் காலத்துல இப்படி வாய் பேசாத பொண்ணு எங்க கெடைக்கும்னு மாப்பிள்ளையோட அம்மாவே சொல்லிட்டாங்க! என்னடி, உனக்குச் சம்மதந்தான?” என்று கேட்டார். நான் ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு மூச்சு. அவ்வளவுதான். “மௌனம் சம்மதம்! பாருங்க, பொண்ணுக்கு வெக்கம்” என்று அத்தை சொல்ல, பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். நீங்கள் இருமியது மட்டும் கேட்டது. உங்கள் இருமல் எனக்குத் தெரியும், அதில் சளி இல்லை.

அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவரை எனக்குத் தெரியாது. இரண்டு வரி பேசினோம், மரியாதையாகப் பேசினார்.

அந்தத் திருத்தக் கூட்டம் நடந்து ஆறு மாதம் ஆகிவிட்டது; போன வெள்ளிக்கிழமை, விளம்பரத்துக்காக, முடிந்துவிட்ட புதிய கேமை வெளியாட்கள் சிலரை வரவழைத்து விளையாட வைத்துப் பார்த்தோம். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு சோபா, ஒரு டிவி. ஓரத்தில் நான் படிவத்தோடு உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு நர்ஸ் அக்கா வந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். சின்ன வயதிலிருந்து துடுக்கனோடு வளர்ந்தவராம். கால் மணி நேரம் நன்றாக விளையாடினார். பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு வினாடி போனது. இருபது போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கும். துடுக்கன் நேராக நின்று, தைத்த காதோடு, மழுங்கின பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அந்த அக்கா என் பக்கம் திரும்பி, “என்னம்மா இவன், திரும்ப மாட்டேங்கறான்?” என்றார். இனிமேல் திரும்ப மாட்டான் என்று சொன்னேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். “நல்லாத்தான் சிரிக்கறான். ஆனா ஆள் உள்ள இல்லியே” என்றார். தினமும் எத்தனையோ பேர் முகத்தைப் பார்க்கிறவர். அவருக்குத் தெரியும்.

என் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. ‘மகிழ்ச்சி’, ‘சுமார்’, ‘சலிப்பு’ என்று மூன்று கட்டங்கள்தான். ஓரத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் படித்தார், உண்மையிலேயே அவர் முகம் மாறியது. பிறகு, “நீ இத அன்னிக்கு சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப டிஸ்கெல்லாம் அச்சாகி லாரி ஏறிடுச்சேம்மா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவன் இப்போது கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இனி அவனை யாரும் பழையபடி ஆக்க முடியாது. நேற்று குணக் கோப்பிலிருந்து அந்தப் பன்னிரண்டு வினாடிப் பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். என் பைக்குள் வைத்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் பின்புறத்தில்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். திருப்பிப் பாருங்கள், அவன் நடந்து போகிற படம் இருக்கும்.

வியாழக்கிழமைக்குள் கடிதம் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பணிமனையிலிருந்து எனக்குப் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம். வண்டிகளுக்குப் பின்னால், நீங்கள் சத்தம் கேட்க நிற்பீர்களே, அந்த இடத்துக்குத் தள்ளி வந்துவிடுங்கள். அத்தை கேட்ட அதே கேள்வியை நீங்கள் ஒரு தடவை என்னிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அப்பா, சும்மா இருங்கள். எனக்கு வெட்கம் என்று நினைக்காதீர்கள். எனக்காக நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் பன்னிரண்டு வரை எண்ணுங்கள்.

எட்டு, ஒன்பதில் ஒன்றும் கேட்காது. மூச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.

கையில் கிரீஸோடு இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, கறை படட்டும். தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் என் அன்பை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்,
வாயாடி