எந்த லெவல் என்று கேளுங்கள்

மாரிகுப்பம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

அன்புள்ள ஏனோக் மாமாவுக்கு வின்னி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. பெரம்பூரில் நீங்களும் ஈவ்லின் அக்காவும் அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பா சுகம். நானும் சுகம்.

புதன்கிழமை நீங்கள் போன் செய்தபோது ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு பேச எனக்கு எப்போதும் கூச்சம். கல்யாணத்தன்றுகூட உங்கள் ஷூவைப் பார்த்துத்தான் பேசினேன். அக்கா அதைச் சொல்லிச் சிரித்திருப்பாள். ஆனால் புதன்கிழமை கூச்சத்தால் மட்டும் வைக்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, குழந்தையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றீர்கள். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்ததிலிருந்துதான் இப்படி என்றீர்கள். குக்கர் விசிலடித்தால், மாடி வீட்டில் சண்டை கேட்டால், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ எண்ணுகிறாள் என்றும் சொன்னீர்கள். அசுத்த ஆவி என்று அத்தை பயந்து எண்ணெய் பூசி ஜெபிக்க ஆளை அழைத்தார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸம்மா தனியாக உட்காரவைத்து, மனசு எப்படி இருக்கிறது, சின்ன வயசு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, எல்லாம் நல்லா இருந்துச்சு என்று அக்கா சொல்லிவிட்டாளாம்.

மாமா, அது ஆவி இல்லை. அவள் லெவல் எண்ணுகிறாள்.

அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில், மைன்ஸ் மூடும்வரை கொஞ்ச வருஷம் உள்ளே வேலை செய்தவர். குடிக்காத நாட்களில் எங்களை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதை சொல்வார். பெல் அடிக்கும், கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களோடு இறங்கும், ஒவ்வொரு லெவலாகக் கீழே போகப்போக மேலே இருக்கிற சத்தம் எதுவும் கேட்காது என்பார். குடித்துவிட்டு வருகிற நாட்களில் அக்கா என்னை இரும்புக் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டு போர்வையைத் தொங்கவிடுவாள். "கேஜ் எறங்குது பாப்பா, கைய உள்ள வெச்சுக்கோ" என்பாள். பத்தாவது லெவல், பதினோராவது லெவல் என்று என் காதில் எண்ணுவாள். சத்தம் அதிகமானால் இன்னும் கீழே போவோம். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். யாரும் வரமாட்டார்கள். எனக்கு அது விளையாட்டு என்றே தெரியும். ரொம்ப நாள் வரைக்கும்.

எங்கள் அம்மா படியில் தவறி விழுந்து இறந்தார்கள் என்று கல்யாணம் பேசும்போது உங்களிடம் சொன்னோம். இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குப் படியே இல்லை மாமா. நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். யாரும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்கு ஐந்து வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு அக்கா அப்பா சொன்ன கடைசி லெவலையும் தாண்டி எண்ணினாள். அம்மா எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை அக்கா பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. அக்கா வெளியே போகப் பார்த்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் போகவில்லை, என் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாவும் வரவில்லை, பாப்பாவும் வரவில்லை. அன்றைக்குப் போகாததை அக்கா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "நான் நல்ல அம்மாவா இருக்க மாட்டேன் வின்னி" என்றாள். அப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் முதல் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். போதகர் முன்னால் இனி தொடமாட்டேன் என்றார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அக்கா படுக்க அந்தக் கட்டிலுக்கே நீலப் பெயிண்ட் அடித்தார். அது எங்களுக்கு என்ன கட்டில் என்று அவருக்குத் தெரியாது. நானும் நம்பினேன். வெங்காய சாம்பார் வைத்துக் கொடுத்தேன், நல்லா இருக்குது என்று சொல்லிச் சாப்பிட்டார். பெயிண்ட் வாசனை போவதற்குள் பழைய வாசனை வந்துவிட்டது. அக்கா வரத் தயங்குகிறாள் என்று உங்கள் வீட்டிலிருந்து சொன்ன அன்றைக்குத்தான். "இன்னா, உங்க அக்காவுக்கு நம்ம வூடு சின்னதாப் பூட்ச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் இப்போது கட்டிலுக்கடியில் போவதில்லை மாமா. வளர்ந்துவிட்டேன், கால் வெளியே தெரிகிறது.

தாய் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா, புகுந்த வீட்டைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள் என்று அத்தை வருத்தப்படுவது நியாயம்தான். அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் எவ்வளவு சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நர்ஸம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்டார்களே. அப்பாவிடம், டாக்டர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொல்லுங்கள். பொய்தான். ஆண்டவர் மன்னிப்பார்.

அக்காவை இங்கே அனுப்பாதீர்கள் மாமா.

எனக்கு அவள் வர வேண்டும். அவள் போனதிலிருந்து என் தலையை நானே பின்னிக்கொள்கிறேன், வகிடு கோணலாகத்தான் வருகிறது. ஆண்டர்சன்பேட்டையில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் உடைந்துவிடும் என்று பாக்யலட்சுமி அக்கா சொன்னதால் அனுப்பவில்லை. அந்த அக்கா பக்கத்து லைன், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இந்தக் கடிதத்தை பங்காருபேட்டையில் போடச் சொல்லி அவர்களிடம்தான் கொடுக்கிறேன். பதில் எழுத வேண்டாம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று அக்கா கேட்டால், வீடு அமைதியாக இருக்கிறது, அப்பா சுண்ணாம்பு அடித்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அதில் பாதி உண்மை.

கடைசியாக ஒன்று. இனி அவள் கட்டிலோரம் உட்கார்ந்தால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நீங்களும் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். எந்த லெவல் என்று கேளுங்கள். சொல்லுவாள். அங்கே கொஞ்ச நேரம் அவளோடு இருங்கள். இங்கே சத்தம் நின்றதும் அக்கா என் முகத்தைத் துடைத்து, "பெல் அடிச்சாச்சு பாப்பா, கேஜ் மேல வருது, கண்ணத் தொற" என்பாள். ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. அவளுக்கு அதைச் சொல்ல யாரும் இருந்ததில்லை. நீங்கள் சொல்லுங்கள் மாமா. வயிற்றில் இருக்கிற பாப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

ஆண்டவர் மூன்று பேரையும் காப்பாராக.

இப்படிக்கு,
வின்னி