நீ அனுப்பிய பல்செட்டும் என் முத்திரையும்

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மனநலத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுத இயலவில்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ இணையத்தில் வாங்கி அனுப்பிய பரிசு அவளுக்குப் பிடித்ததா என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாய். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். எனக்கு நன்றாகவே கேட்டது. அந்தப் பொய்யைத் திருத்தவே முதலில் இதை எழுதுகிறேன்.

சாப்பிட்ட தட்டுகளை எடுப்பதற்கு முன்பே, மேசையில் வைத்து அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். நீல வெல்வெட் பெட்டி. நகை என்று நினைத்து ஆசையாகத் திறந்தாள். உள்ளே ஈறு நிறத்தில் ஒரு கீழ்ப்பல்செட். கல்லூரி நாட்களிலிருந்து அவள் கொண்டாடிய, சென்ற ஆண்டு காலமான அந்த நடிகர் கடைசிவரை அணிந்திருந்தது என்று ஓர் அட்டை. “கருமம், கருமம்! ஏங்க, செத்தவரு வாயில இருந்ததையா எம்புள்ள எனக்கு அனுப்பியிருக்கான்?” என்று எழுந்தவள், மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இனிமேல் படத்தில் அவர் சிரித்தாலே அந்தப் பெட்டிதான் கண்ணில் வரும் என்று பிறகு சொன்னாள். நாற்பது ஆண்டு ரசனை ஒரு நிமிடத்தில் பாழானது. உன் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையின் இணையப் பக்கத்தை முழுவதும் பார்த்தேன்: நடிகர்கள் பயன்படுத்திப் பாதி தேய்ந்த சோப்பு, வியர்வைக் கறை மாறாத பனியன், முடி சிக்கிய சீப்பு. எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஆள் போட்டி. ஒருவருடைய நடிப்பை நேசிப்பவர்கள் அவருடைய குளியலறையை ஏன் கிளற வேண்டும்? எனக்குக் குமட்டியது.

இதைவிட அதிகம் குமட்டியது வேறொன்று. “அப்பா முத்திரை போட்ட பொருள், அதான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன்” என்று வாழ்த்துக் குறிப்பில் எழுதியிருந்தாய். உடன் வந்த உறுதிமொழிப் பத்திரத்தில் இருப்பது என் நோட்டரி முத்திரைதான். நடிகரின் மேக்கப்மேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. அடையாள அட்டையைச் சரிபார்த்தேன், என் முன்னால் கையெழுத்திடச் சொன்னேன், முத்திரையிட்டேன். பத்திரத்தைப் படிக்கவில்லை. கையெழுத்துக்கு மட்டுமே நான் சாட்சி, உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல என்று முப்பத்தொரு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், சட்டமும் அதுவே. மறுநாள் அலுவலகத்தில் குமாஸ்தா எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைப் புரட்டினால், இரண்டே மாதத்தில் அந்த ஆள் நான்கு முறை வந்திருக்கிறார், நான்கும் கீழ்ப்பல்செட்டுக்கு. “ஐயா, மனுசனுக்கு நாலு வாயா?” என்றார் குமாஸ்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் சட்டநிலையை விளக்கினேன். “உங்க சட்டம் சரியாத்தான் இருக்கும். எம்புள்ள சட்டத்தைப் பாத்தா வாங்கினான்? உங்க பேரைப் பாத்துல்ல வாங்கினான்” என்றாள்.

ஆகவே வரும் திங்கட்கிழமை காவல் நிலையத்தில், பதிவேட்டின் நகல்களுடன் எழுத்து மூலம் புகார் அளிக்கிறேன். படிக்காமலா முத்திரையிட்டீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும், ஆம் என்பேன். நோட்டரி உரிமம் பறிபோகலாம். அதற்காக நீ வருந்தி எழுத வேண்டாம். வாங்கிய மற்ற மூவரும் என் பெயரை நம்பியவர்களே. பெட்டி இப்போதைக்கு ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில், பழைய பெயின்ட் டப்பாவின் மேல் இருக்கிறது. சாட்சியப் பொருள் என்பதால் அம்மாவை எறியவிடவில்லை. அவளிடம் பேசும்போது பல் பேச்சையே எடுக்காதே. அடுத்த முறை ஒரு புடவை போதும், புதியதாக.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு எப்போதும் உண்டு. கடையின் ரசீதை மறவாமல் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

மேலே எழுதியவற்றை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்து, உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

உன் அப்பா