ராசாங்கம் அண்ணன் ஊற்றிய தண்ணீர்

செப்டம்பர் 8, 2024

மாதா பிறந்தநாள். ஏலாக்குறிச்சிக் கோயிலில் இந்நேரம் கால் வைக்க இடமிருக்காது. இங்கே தெற்கு சூடானில், ஐ.நா. முகாமை ஒட்டிய தார்ப்பாய்க் கொட்டகையில் பூசை. பாஷை ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்கே மண்டியிட வேண்டும் என்று முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் காவல் நின்ற சாமிதுரை, என் பட்டாளத்து மீன்சுருட்டிக்காரன், "மாதாகிட்ட நீ சொல்லு ஜெயசீலா, மாரியம்மாகிட்ட நான் சொல்றேன். யாரு மொதல்ல கேக்குறாங்கன்னு பாப்போம்" என்றான். என் மனைவி ஜோதிக்காகத்தான். இரண்டு தடவை கரு தங்கவில்லை. இது டிசம்பருக்கு. தாயே, இதையாவது தங்க வை.

செப்டம்பர் 22

மழை. சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மூன்றாம் நாளாக ராஜ்மா. முணுமுணுத்தேன். வெளியே கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஆண்டவருக்கு நன்றி.

அக்டோபர் 5

ஜோதி பெரம்பலூரில் தனியாக இருக்கிறாளே என்று பயந்தால், கீழ்வீட்டு ராசாங்கம் அண்ணன் இருக்கிறார். வாடகை பேசிய அன்று "சொவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்ன வீட்டுக்காரர். பிறகு மாதா படத்துக்கு அவரே ஆணி அடித்துக் கொடுத்தார், நெற்றி நிறைய விபூதியோடு. நல்ல மனுசன்.

அக்டோபர் 17

ராசாங்கம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். ஜோதிக்கு ஏழாம் மாசத்திலேயே வலி, ஆபரேஷன். பெண் குழந்தை. மூச்சு சரியில்லையாம், கண்ணாடிப் பெட்டியில். டாக்டர் எதுவும் சொல்ல முடியாது என்கிறார். அத்தை தா.பழூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். எங்கள் கோயில் பங்குச்சாமி வர சாயங்காலம் ஆகுமாம். ஜோதி மயக்கத்தில். தியேட்டருக்குள் போகும்போது, "ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ளைய ஞானஸ்நானம் இல்லாம விட்டுடாதீங்க" என்று அண்ணன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் போனில், "தம்பி, நான் வேற சாமி கும்புடறவன். நான் ஊத்தலாமா?"

ஊத்தலாம். ஆபத்தில் யாரும் ஊற்றலாம் என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். ஊற்றும்போது சொல்ல வேண்டியதை முழுசாக ஒருமுறை சொல்லிக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக. "பேரு?" என்றார். அடைக்கலமேரி என்றேன், அந்த நிமிஷம் வாயில் வந்தது. "தந்தை... மகன்..." என்று அவர் குரல் கேட்டது. அத்தோடு லைன் போய்விட்டது. மழையில் டவர் விழுந்துவிட்டதாம்.

முடித்தாரா? குழந்தை இருக்கிறதா? யாரைக் கேட்பேன், ஐயோ.

அக்டோபர் 18

டவர் வரவில்லை. சாமிதுரை என் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தான்.

அக்டோபர் 19

இருக்கிறாள்! மூச்சு சீராகிறதாம். ஜோதியும் பேசினாள். அண்ணன், "மொதல்ல நீ முழுசா சொன்னியே தம்பி, அதை மனசுல வச்சு முடிச்சுட்டேன்" என்றார். சாமிதுரையைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ரெண்டு பேரும் கேட்டுட்டாங்கடா" என்கிறான் அவன்.

டிசம்பர் 25

வீடியோவில் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 27, 2025

ஊருக்கு வந்து முதல் ஞாயிறு. கோயிலில் ஞானஸ்நானத்தின் மீதிச் சடங்குகள். வாசலிலேயே பங்குச்சாமி ராசாங்கம் அண்ணனை நிறுத்தினார். "அன்னிக்கு என்ன சொல்லி ஊத்துனீங்க? வார்த்தையில சந்தேகம் இருந்தா திரும்ப ஊத்தணும்." அண்ணனுக்கு ஞாபகம் இருக்குமா? ஆறு மாசம் ஆகிவிட்டதே.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக் கண்ணை மூடினார். "அடைக்கலமேரி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." ஒரு எழுத்து பிசகவில்லை.

"தண்ணி வேணாம். ஆனா இவ்வளவு ஞாபகமா எப்படி?" என்றார் சாமி.

"காலையில வெளக்கேத்துறப்ப தெனம் ஒரு தடவ சொல்லிக்குவேன் சாமி. நான் மறந்துட்டா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம்."

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன்.