இடது பக்கப் பின்சக்கரம்

புது டயரின் வாசம் உனக்குப் பிடிக்காது. தலை வலிக்கிறது என்று சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வாய். இன்று காலை அந்த வாசத்துக்கு நடுவில்தான் போய் நின்றேன். நம் பச்சைக் காரின் பின்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. கிள்ளானில் இப்போது ஒரு பெண் டயர் கடை நடத்துகிறாள். கையெல்லாம் கிரீஸ், பேச்சு படபடவென்று வருகிறது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் அகலமா போடலாமே அங்கிள். பந்தயத்துக்கும் கொண்டு போறேன்னு சொல்றீங்க, நல்லா பிடிக்கும்லா. வழக்கமா எத்தனை பேர் ஏறுவீங்க? தனியாதான்னா மட்கார்டுல உரசாது."

சாதாரணக் கேள்விதான். லிஃப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகையைப் பார்க்காத நாள் கிடையாது. ஆனாலும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எதிரில் இருக்கும் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். டயர் விஷயத்தில் உன்னைக் கேட்காமல் நான் எப்போது முடிவு சொல்லியிருக்கிறேன்? அதனால்தான் இந்த மடல்.

தொண்ணூறுகளில் அந்த ஒரு கார்தான் நமக்கு எல்லாம். வேலை நாட்களில் கிள்ளானிலிருந்து கிளம்பி, தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் நீ வேலை பார்த்த கண் மருத்துவரின் கிளினிக் வாசலில் உன்னை இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே காரில் சா ஆலாம் பக்கம் போவோம். அங்கே நேர்ப்பாதையில் இரண்டிரண்டு கார்களாகப் பந்தயம் விடுவார்கள். கால் மைல் தூரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பும் கார்களின் எஞ்சினைக் கழற்றிப் பழைய காரில் வைக்கும் பைத்தியம் அப்போது எங்களில் பல பேருக்கு. பச்சைக்கும் அப்படி ஒன்றை வைத்தேன். முதல் நாள் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பூனைக்குள்ளே புலியை வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்றாய். ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எஞ்சினுக்கு வேகம் வந்துவிட்டது, டயருக்குத்தான் பிடிப்பு வரவில்லை. சாதாரண சாலை டயரில் நின்ற இடத்திலிருந்து மிதித்தால் சக்கரம் சுற்றும், புகை வரும், கார் அங்கேயே நிற்கும். அதனால் பந்தயத்துக்கென்றே கோடு எதுவும் வெட்டாத வழவழப்பான டயர் இரண்டு வைத்திருந்தேன். அங்கே போய் மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது பழையபடி சாலை டயருக்கு மாறிவிடுவேன்.

ஒரு ஞாயிறு மட்டும் மாற்றவில்லை. அம்மா பிரிக்பீல்ட்ஸில் சோறு ஆக்கிவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார், வானம் வெளுப்பாகத்தானே இருக்கிறது, அப்படியே போகலாம் என்றாய். அவசரப்படுத்தியது நீதான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, இப்போது சொல்லிவிட்டேன், என்ன செய்வாய்?

நம் ஊர் மழை சொல்லிக்கொண்டா வரும்? பெடரல் சாலையில் பாதி வழியில் கொட்டியது. வெட்டு இல்லாத டயரில் தண்ணீர் போக வழி ஏது, கார் வழுக்கி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது. அது மிக மெதுவாக நடந்ததாகவே எனக்கு இன்னும் தோன்றுகிறது. மரங்கள், ஒரு விளம்பரப் பலகை, பின்னால் வந்துகொண்டிருந்த லோரியின் முகம், மறுபடி மரங்கள். புல்லில் ஏறி நின்றபோது வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. உன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு, "இனிமே நான் இதுல ஏற மாட்டேன்" என்றாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் எப்படியாவது சமாதானம் செய்திருப்பேன்.

மறுநாளிலிருந்து நீ பஸ். சண்டை ஒன்றும் கிடையாது. காலையில் எனக்குத் தேநீர் கலந்து வைப்பாய், குடையை எடுத்துக்கொள்வாய், காரைத் தாண்டி நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவாய். சாலை டயரைத்தான் மாட்டியிருக்கிறேன், வா என்று சொல்லிப் பார்த்தேன். என்றைக்கு எதை மாட்டியிருப்பீர்கள் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாய். சரி என்று நானும் பின்னாலேயே வந்தேன். நீ பஸ்ஸின் கடைசி இருக்கையில், நான் அதன் பின்னால் பச்சையில். பெடரல் சாலை முழுக்க உன் பின்தலையையும் அதில் நீ வைத்திருந்த பூவையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பஸ் நின்றால் நானும் நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள்கூட நீ திரும்பவில்லை.

ஒரு மழைக் காலையில் பஸ்ஸின் பின்கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்து, கைக்குட்டையால் சின்ன வட்டமாகத் துடைத்தது. அந்த வட்டத்தில் உன் கண் தெரிந்தது. நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டாய். அன்று முழுக்க எந்த லிஃப்டில் ஏறினாலும் எனக்கு மேலே போவது போலத்தான் இருந்தது. உன்னைத் திரும்ப ஏற்றுகிற டயர் உலகத்தில் எங்கேயாவது இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு எஞ்சின் விற்ற சீனக் கடை முதலாளியிடம், அந்தத் தவுக்கேயிடம் போனேன். சாலை டயரை மாட்டிக்கொண்டு பந்தயத்தை விட்டுவிடு, வீட்டில் நிம்மதி என்றார். அது முடியாது என்றேன். அவர் சிரித்தார். பிறகு, அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு வகையைக் காட்டினார். டிராக் ரேடியல் என்று பெயர். சாலையில் போகலாம், பந்தயத்திலும் விடலாம். ரப்பர் மெழுகு மாதிரி மெத்தென்று இருந்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது. தண்ணீர் வெளியேறக் கொஞ்சம் வெட்டு இருந்தது, நிறைய இல்லை. முன்சக்கரங்களில் இருப்பதும் அதே ரேடியல் வகை என்பதால் கார் ஒரே புத்தியோடு நேராகப் போகும், பழைய வழவழப்பு டயர் மாதிரி நெடுஞ்சாலையில் அலையாது என்றார். சீக்கிரம் தேய்ந்துவிடும், மழையில் வீரம் காட்டக்கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அவரிடம் இரண்டு அளவு இருந்தது. அகலம் கூடினது ஒன்று, குறைந்தது ஒன்று. எனக்கு எது வேண்டும் என்று கேட்கவா வேண்டும்? அப்போது ஒரு வெள்ளைக் கார் ஒவ்வொரு தடவையும் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. அகலமானதைப் போட்டால் அதை முந்திவிடலாம் என்று தவுக்கேயும் சொன்னார். இடித்துவிடும் என்று மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கி, சரிபார்த்து, மாட்டிக் கொடுத்தார். பச்சையின் பின்பக்கம் மல்யுத்தக்காரன் தொடை மாதிரி ஆகிவிட்டது.

ஒரே ஒரு சுற்று, நம் தெருவுக்குள்ளேயே, பரீட்சைக்கு மட்டும் என்று உன்னிடம் கெஞ்சினேன். ஏறினாய். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாய். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் மேட்டில் ஏறி இறங்கியபோது இடது பின்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். பின்னால் எடுத்து மறுபடி ஏறினேன், மறுபடி சத்தம். பழைய காரின் ஸ்பிரிங் வேறு தளர்ந்திருந்தது. என்ன அது என்றாய். டயர் மட்கார்டில் உரசுகிறது என்றேன்.

நீ இறங்கிச் சாலையோரம் நின்றாய். இப்போது ஓட்டுங்கள் என்று கையைக் காட்டினாய். ஓட்டினேன். மேட்டில் ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை.

ஜன்னலருகே வந்து குனிந்தாய். "நான் ஏறினா உரசுது, இறங்கினா நல்லா ஓடுது. எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாய். சிரித்துக்கொண்டு சொன்னாயா, கோபத்தில் சொன்னாயா என்று அப்போது தெரியவில்லை. இன்றும் தெரியாது. எஞ்சினை நிறுத்தாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் நீ உட்கார்ந்த பள்ளம் மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சாலையில் சுற்றியபோது வராத பயம் அப்போதுதான் வந்தது.

நேராகத் தவுக்கேயின் கடைக்குப் போய்க் குறைந்த அளவு டயரை மாட்டச் சொன்னேன். வெள்ளைக் காரை மறந்துவிட்டாயா என்றார். மனைவி ஏற வேண்டும் என்றேன். அவருக்கும் வீட்டில் மனைவி இருந்ததால் உடனே ஜாக்கியை எடுத்து வந்தார்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீ குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது பின்சக்கரத்தின் அருகே வந்து குனிந்தாய். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உன் கையை நுழைத்துப் பார்த்தாய். வளையல் வரைக்கும் உள்ளே போனது. கையைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்து ஏறினாய். பஸ் வந்தது, போனது. கிள்ளான் பாலத்தைத் தாண்டினோம். அதன் பிறகு நீதான் ரேடியோவைப் போட்டாய்.

அடுத்த பந்தயத்துக்கு நீயும் வந்தாய். தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு டயரைச் சூடேற்றியபோது, புகைக்கு அந்தப் பக்கம் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பச்சை அன்று இழுத்துப் பிடித்த கோடு மாதிரி நேராகப் போனது. வெள்ளைக் கார் ஒரு பானெட் நீளத்தில் ஜெயித்தது. அகலமானதைப் போட்டிருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன், நீ வேறு எங்கோ பார்த்தாய்.

அங்கிருந்து உன் அம்மா வீட்டுக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு. வெயிலில் தார் கொதித்தது, டயரும் சூடு ஆறவில்லை. பூக்கடைகளுக்கு முன்னால் உதிர்ந்து கிடந்த மல்லிகை, சாமந்தி எல்லாம் அந்த மெத்தென்ற ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தன. இறங்கிப் பார்த்தால் சக்கரம் முழுக்கப் பூ. உங்கள் சின்ன வீட்டுக்கும் பூ வைத்துவிட்டீர்களா என்றாய். உன் அம்மா வாசலில் நின்று சிரித்தார். அந்த மத்தியானம் ஒரு கனவாகத்தான் என்னிடம் இருக்கிறது. என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லை, அந்த வாசம் மட்டும் இருக்கிறது. சுட்ட ரப்பரும் மல்லிகையும் சேர்ந்த வாசம்.

சாயங்காலம் கிள்ளானுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அதே சாலை. உன் கை கைப்பிடியைத் தேடுவதைப் பார்த்தேன்.

"இந்த டயர் மழையில நிக்குமா?"

"மெதுவா போனா நிக்கும்."

"அப்போ மெதுவா போங்க."

போனேன். லோரிகள் நம்மைத் தாண்டிப் போயின, பஸ் போனது, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். புலி உள்ளே இருக்கும் பூனை, ஓரத் தடத்தில் ஊர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாய் லேசாகத் திறந்து, தலை கண்ணாடியில் சாய்ந்து. கல்யாணமான நாளிலிருந்து என் காரில் நீ கண் மூடியதே இல்லை. டோல் சாவடியில் கண்ணாடியை இறக்கிச் சில்லறை கொடுத்தபோதும் விழிக்கவில்லை. எந்தப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கும் அன்று என் மேல் பொறாமை வந்திருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் எழுப்ப மனமில்லாமல் மழை விடும் வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எத்தனையோ டயர் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே அளவு, ஒவ்வொரு முறையும் நீ கையை நுழைத்துப் பார்த்த பிறகுதான் கடைக்காரருக்கு விடுதலை. கடைசியாக மாட்டியபோது உடம்பு முடியாமல் நீ காருக்குள்ளேயே இருந்தாய். நீங்களே பாருங்கள் என்று கண்ணால் சொன்னாய். என் கையை விட்டுப் பார்த்தேன். போகிறது என்றேன். தலையசைத்தாய். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அந்த டயரில்தான் போய் வந்தோம். அதுதான் இப்போது தேய்ந்து நிற்கிறது. நீ ஏறிய கடைசி டயர் என்று தெரிந்தும் கழற்றச் சொல்ல வந்திருக்கிறேன். மனசு வலிக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. எதிர்க் கடையிலிருந்து அந்தப் பெண் கை காட்டிக் கூப்பிடுகிறாள். போகிறேன். இரண்டு பேர் ஏறுவோம் அம்மா, பழைய அளவே போதும் என்று சொல்லப் போகிறேன். அவள் காலியான இருக்கையைப் பார்ப்பாள், பார்த்துக்கொள்ளட்டும். மாட்டி முடித்ததும் இடது பின்சக்கரத்தில் கையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நீ தூங்கு. நான் மெதுவாகத்தான் போவேன்.