ஆறு மணி ஆட்டத்தில் தடங்கல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆன்லைன் ஆட்டத்தின் நடுவே மூன்று முறை நெட் நின்றது. 6.22, 6.41, 7.05. பிங், அதாவது நெட் பதில் தர எடுக்கும் நேரம், நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று தொள்ளாயிரத்தைத் தொட்டது, அரை நிமிடத்தில் மறுபடி நாற்பது. அந்த அரை நிமிடம் என் ஆள் சுவரில் முட்டிக்கொண்டே ஓடுகிறான். யார் வேண்டுமானாலும் வந்து சுடலாம். சுட்டார்கள்.

எங்கள் அணியில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். "என்னக்கா, சுவரை இடிச்சு முடிச்சாச்சா? நாங்க வரலாமா?" என்றார். அதே அணியில் ஆடும் என் தம்பி சிரிக்கவில்லை. "நெட்டை முதல்ல சரி பண்ணுக்கா" என்றான்.

அவன் இருக்கும் நாட்டில் அப்போது காலை. வேலைக்குக் கிளம்பும் முன் இந்த இரண்டு மணி நேரம் என்னோடு ஆடுகிறான். அம்மா போன பிறகு எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. 'பின்னாடி வர்றான்', 'குனி', 'ஓடு' — அவ்வளவுதான். இதுவும் நின்றுவிட்டால்?

மார்ச் 6, வியாழன்

இணைய நிறுவனத்து ஆள் வந்தார். ரூட்டரைத் திருப்பி வைத்தார், வாசல்வரை வயரைத் தடவிப் பார்த்தார். "நெட் சும்மா பறக்குதுக்கா. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் வயசாயிடுச்சு."

"எனக்கும்தான் ஆயிடுச்சு."

"அதுக்கு எங்க கம்பெனி வாரண்டி தர்றதில்லக்கா."

வீட்டில் நெட்டில் ஓடுவது என்னென்ன என்று கேட்டார். போன், கணினி, டிவி என்றேன். கடைசி அறைக் கதவைக் காட்டி, உள்ளே ஏதாவது உண்டா என்றார். ஒன்றுமில்லை என்றேன். டிசம்பருக்குப் பிறகு அந்தக் கதவை நான் திறக்கவில்லை.

மார்ச் 8, சனி

கணினிக்கு நேராக வயர் போட்டேன். டிவியை அணைத்தேன். போனில் நெட்டை நிறுத்தினேன். இரண்டு முறை நின்றது.

மார்ச் 9, ஞாயிறு

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா கொஞ்ச நாள் விட்டுடலாம்கா. சும்மா கடுப்பாகுது" என்றான் தம்பி.

சரிடா என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 11, செவ்வாய்

பேருந்துப் பணிமனையில் தாமதப் பதிவேடு எழுதுவது பதினெட்டு வருடமாக என் வேலை. வண்டி எந்த இடத்தில் தாமதமானது என்று மட்டும் எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு முந்தைய நிறுத்தத்தில் என்ன நடந்தது என்ற கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். இன்று மதியம் அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் உறைத்தது. வீட்டுக் குறிப்பில் அப்படி ஒரு கட்டத்தை நான் போடவே இல்லை.

மாலையில் போட்டேன்.

6.18 நின்றது. அதற்கு முன்: தம்பி செத்தான்.
6.37 நின்றது. அதற்கு முன்: தம்பி செத்தான்.
6.50 ஆசிரியர் செத்தார். ஒன்றும் ஆகவில்லை.
7.02 தம்பி செத்தான். நின்றது.

இந்த ஆட்டத்தில் செத்தால் இருபத்தைந்து விநாடி கழித்துத்தான் திரும்பி வர முடியும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் அங்கே சும்மா இருந்தால் இங்கே என் வீட்டு நெட் ஏன் திணறுகிறது?

மார்ச் 12, புதன்

எந்தக் கருவி எவ்வளவு நெட் இழுக்கிறது என்று காட்டும் ரூட்டர் பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஆடினேன். டிவி பெயருக்குக் கீழே நான்காவதாக ஒன்று. தம்பி செத்த நொடியில் அது எழுந்தது. அவன் திரும்பி வந்ததும் அடங்கியது.

அம்மா அறைக் கேமரா.

அதை நான் கழற்றவே இல்லை. யார் கழற்றுவார்கள் என்று நினைத்தேனோ.

பக்கவாதம் வந்து அம்மா இரண்டு வருடம் படுக்கையில். பகலில் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஆறிலிருந்து எட்டுவரை நான் கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடுவேன். தம்பி போனில் கேமராவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவான். "அக்கா, அம்மா கையை ஆட்டுறாங்க, ஓடு" என்பான். ஓடுவேன். "இது என் ஷிஃப்ட், நீ நிம்மதியா ஆடு" என்று அவனேதான் ஏற்படுத்தினான். தூரத்தில் இருக்கும் மகனால் முடிந்தது அது.

அப்போதெல்லாம் நெட் திணறியதில்லை. கேமராவின் செயலியை மறுபடி என் போனில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் வைத்திருந்தது மங்கலான படம், ஆள் அசைவது தெரிந்தால் போதும் என்று. இப்போது இருப்பதிலேயே தெளிவான படத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தச் செயலி எங்கள் இரண்டு போனில் மட்டும்தான் இருந்தது. நீக்கிவிட்டேன் என்று அவனும்தான் சொன்னான்.

காலிக் கட்டிலை அவ்வளவு தெளிவாகப் பார்த்து என்ன செய்கிறான்?

மார்ச் 13, வியாழன்

ஆசிரியர் வருவதற்கு முன்பே கேட்டேன். "இன்னும் அந்த கேமராவைப் பார்க்கிறியாடா?"

"இல்லையே."

"நீ சாகும்போதெல்லாம் எனக்கு நிக்குதுடா. ரெண்டு நாளா எழுதி வச்சிருக்கேன்."

அவன் சொன்னான்: "அம்மா போன அன்னிக்குக் கடைசி மேட்ச்ல நான் கேமராவை மூடிட்டேன்கா. பதினோரு நிமிஷம். பார்த்துட்டேதான் இருந்தேன், தூங்குறாங்கன்னு நினைச்சேன்னு உன்கிட்ட சொன்னது பொய். இப்ப ஒவ்வொரு தடவை சாகும்போதும் திறந்து பார்க்காம இருக்க முடியல."

அந்த மேட்ச் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது அம்மா இல்லை.

"மூணு மாசமா ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். இணைப்பை வெட்டிவிட்டான்.

கதவைத் திறந்து போய்க் கேமராவைப் பிடுங்கி எறிஞ்சேன். பதினோரு நிமிஷம்! கூப்பிட்டிருப்பாங்களே. கையை ஆட்டியிருப்பாங்களே. பத்தடி தூரத்துல நான் காதை மூடிட்டு உட்கார்ந்திருந்தேனே, அவன் பார்த்துக்குவான்னு நம்பித்தானே.

மார்ச் 14, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஆசிரியரோடு இரண்டு மேட்ச் ஆடினேன். பிங் 38, 38, 39. ஒரு தடங்கலும் இல்லை. "அக்கா, நெட் சூப்பர்! என்ன பண்ணீங்க?" என்றார். ஒரு வயரைக் கழற்றினேன் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

பணிமனையில் அந்த 'முந்தைய நிறுத்தம்' கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அன்று அந்தப் பதினோரு நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது?

கடைசி மேட்ச். இரண்டு அணியும் சமம். அவன் அசட்டையாக ஆடி இரண்டு முறை சாக, நான் எரிந்து விழுந்தேன். "ரெண்டு கண்ணையும் ஆட்டத்துல வைடா. அம்மா தூங்குறாங்க, ஒண்ணும் ஆகாது." நான் சொன்னது. வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

அவனுக்கும் நினைவிருக்கும். இருந்தும் அதை என் மேல் போடவில்லை. மூடிட்டேன் என்றானே தவிர, நீ சொல்லித்தான் மூடினேன் என்று சொல்லவில்லை. நான் கத்தும்போதுகூட.

மார்ச் 20, வியாழன்

கேமராவைத் துடைத்து மறுபடி மாட்டினேன். கணினியையும் மேசையையும் அம்மா அறைக்கு இழுத்துப் போட்டேன். கட்டிலை நகர்த்தவில்லை. போனில் செய்தி அனுப்ப நான்கு முறை தொடங்கி அழித்தேன். இதை எழுத்தில் சொல்லக் கூடாது.

மார்ச் 22, சனி

யாராவது பார்த்தால் கேமராவின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். 6.10க்கு எரிந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். கேமராவைப் பார்த்து, "நீயா மூடலடா. நான்தான் மூடச் சொன்னேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கேமராவின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து அவன் அழுவது கரகரப்பாகக் கேட்டது. குழந்தையாக இருந்தபோது அழுத அதே அழுகை. "அப்படி நீ உன் மேல போட்டுக்குவேன்னு பயந்துதான்கா இத்தனை நாள் சொல்லல" என்றான். நானும் அழுதேன். எதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. 7.25க்கு வேலைக்குக் கிளம்பினான்.

மார்ச் 26, புதன்

தம்பி ஆறு மணிக்கே வந்துவிட்டான். நான்கு மேட்ச், நான்கிலும் தோல்வி. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடினேன். பச்சை விளக்கு தொடக்கத்திலிருந்து எட்டு மணிவரை அணையவே இல்லை. நெட் தாறுமாறாக நின்று நின்று ஓடியது.

"நிக்குதாக்கா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"இல்லையே, நல்லாத்தானே ஓடுது" என்றேன்.