கனிசியசின் பெட்டியும் என் ஆர்மோனியமும்

24-05-1982, திங்கள்

மாமியின் மகன் கனிசியஸ் லண்டனிலிருந்து வந்துவிட்டான். ஆள் மெலிந்திருக்கிறான், பேச்சுத்தான் கொழுத்திருக்கிறது. கூடவே ஒரு கொம்பியூட்டர் பெட்டி. மைக் வழியாக ஆர்மோனியத்தைக் கேட்டு, தானே யோசித்து, சுரத்தில் பதில் சொல்லுமாம்.

"பரிசோதனை இசை, மச்சாள்."

ஒரு வரி வாசித்தேன். கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனைபோல் கத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

30-05, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது திருநாள் குழுத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை மறித்தார்.

"ஸ்ரெல்லா, இந்த முறை அந்தோனியார் திருநாள் கச்சேரியிலை நீர் ரெண்டு வரி வாசியும். மிச்சத்தை மிசின் பாக்கும்."

பதினைந்து வருசமாக நான் வாசிக்கிற கச்சேரி! ரெண்டு வரியாம். நான் என்ன, மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போற ஆளே? தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

06-06

ஒத்திகை. பெட்டி சூடாகிப் படுத்துவிட்டது. கனிசியஸ் விசிறியால் விசிறினான். எனக்கு ஒருவரும் ஒருநாளும் விசிறியதில்லை.

13-06, ஞாயிறு — திருநாள்

எங்கள் ஊரில் ஒலிபெருக்கிக் குழல் ஒன்றை அந்தோனியாரின் சுரூபத்தைப் பார்க்கத்தான் கட்டுவார்கள். பாட்டை முதலில் அந்தோனியார் கேட்கவேண்டும். இந்த முறை சுரூபம் மேடைக்குப் பின்னால். ஆக, குழல் நேரே எங்கள் மைக்கைப் பார்த்தது. திருப்பச் சொல்லிக் கனிசியஸ் கெஞ்சினான்.

"புனிதருக்கு முதுகைக் காட்டுறதோ?" என்றார் அண்ணை.

நான் இரண்டு வரி வாசித்தேன். பெட்டி பதில் சொன்னது. அந்தப் பதில் குழலால் வந்து மைக்கில் விழ, தன் பதிலுக்குத் தானே பதில், பிறகு அதற்கும் பதில்! கனிசியசுக்கு வியர்த்து வழிந்தது. இதுதான் லண்டன் சங்கீதம் என்று சனம் வாய் பிளந்து இருந்தது. அண்ணை கண்ணை மூடித் தாளமும் போட்டார்.

மடியில் கை வைத்துக்கொண்டு நான். ஆத்திரத்தில் விசர் பிடித்தது. மைக்கை ஆர்மோனியத்தோடு ஒட்ட இழுத்து, ஓங்கி வாசித்தேன். பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு என் வரியைப் பிடித்து, கடைசிச் சுரத்தை மாற்றித் தந்தது. நான் அதை மாற்றினேன். அதுவும் மாற்றியது. எவ்வளவு நேரமோ தெரியாது.

பதினைந்து வருசத்தில் நான் வாசித்ததைக் கேட்டு ஒரு ஆள் பதில் சொன்னதில்லை. கேவலம், ஒரு பெட்டி பதில் சொன்னதுக்கோ எனக்கு அழுகை வரோணும்?

18-06, வெள்ளி

நீக்கிலாப்பிள்ளை அண்ணை வீட்டுக்கே வந்தார். மிசின் போட்ட சத்தத்துக்குப் பங்குச் சுவாமி முகம் சுளித்தாராம்.

"வாற வருசம் முழுக் கச்சேரியும் உமக்குத்தான். உந்த மிசினை விடுவம்."

கேட்க எவ்வளவு ஆசைப்பட்ட சொல். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிந்ததும் சொன்னேன்: "அது இல்லாமல் நான் வரமாட்டன், அண்ணை."

அறைக்குள் கனிசியஸ் லண்டனுக்குக் கொண்டுபோகப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். போய் அவிழ்க்கச் சொன்னேன்.